தூரம் ஒன்று, நேரம் வேறு

டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே எவ்வளவு தூரம்? உலக உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் சுமார் 12,400 கி.மீ. ஆனால் அந்த நூல் திபெத் பீடபூமியின் மேலே போகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் பைலட் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். அங்கே தரையே அதைவிட உயரம். எனவே சுற்றித்தான் போக வேண்டும்.

2015 டிசம்பரில் ஏர் இந்தியா இந்தத் தடத்தில் இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோது விமானம் மேற்கே கிளம்பி அட்லான்டிக்கைக் கடந்தது. சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் திசை மாறியது. கிழக்கே கிளம்பி, பசிபிக் மீது 15,300 கி.மீ. 1,400 கி.மீ. அதிகம், ஆனால் எடுத்துக்கொண்டதோ பதினாலரை மணி நேரம்தான். பழைய வழியைவிடச் சுமார் 2 மணி நேரம் குறைவு! உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளியதன் பலன். திரும்பும்போது அட்லான்டிக் வழி. அப்போதும் காற்று முதுகுப் பக்கம்தான். மகனைப் பார்க்கப் போய்த் திரும்பிய பெற்றோர் தங்களுக்கே தெரியாமல் உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டார்கள்.

காற்றோடு சமரசம் செய்துகொள்ளலாம். அண்டை நாட்டோடு?

2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. ஜூலை 16-ல்தான் திறந்தது. அந்த ஜூலை 2 வரை மட்டும் ஏர் இந்தியாவுக்கு இழப்பு 491 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. இண்டிகோவின் டெல்லி - இஸ்தான்புல் விமானம் எரிபொருளுக்காக தோஹாவில் இறங்கிப் போனது.

2025 ஏப்ரல் 24-ல் மறுபடியும் கதவடைப்பு. இம்முறை இந்திய நிறுவனங்களுக்கு மட்டும். அதே டெல்லியிலிருந்து கிளம்பும் வெளிநாட்டு விமானங்கள் பழைய பாதையில் போக, இந்திய விமானங்கள் அரபிக்கடல் பக்கம் வளைந்தன. கூடுதல் நேரம் என்றால் கூடுதல் எரிபொருள் மட்டுமல்ல. பைலட்களின் பணி நேரத்துக்கு வரம்பு உண்டு, வழியில் மாற்று ஆட்கள் காத்திருக்க வேண்டும். வியன்னாவில் எரிபொருள் நிரப்பும்வரை பயணிகள் இருக்கையிலேயே கிடந்தார்கள்.

இதில் வேடிக்கையானது தாஷ்கண்ட்தான். டெல்லியிலிருந்து நேராக அளந்தால் சுமார் 1,600 கி.மீ., சென்னையைவிடப் பக்கம். ஆனால் சுற்றுவழியில் போனால் தன்னிடமுள்ள விமானங்களின் பறக்கும் எல்லைக்குள் அந்த நகரம் வராது என்று சொல்லி இண்டிகோ அந்தச் சேவையை நிறுத்தியது. அல்மாட்டிக்கும் அதே கதி.

ஏர் இந்தியாவின் டெல்லி - வாஷிங்டன் விமானம் 2025 செப்டம்பர் 1-லிருந்து நின்றது. பழைய விமானங்களைப் புதுப்பிக்க அனுப்புவதால் ஏற்பட்ட பற்றாக்குறை ஒரு காரணம், மூடிய வான்வெளி இன்னொன்று என்றது நிறுவனம். டிக்கெட் வாங்கியிருந்தவர்களுக்கு நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இறங்கி வேறு விமானம் பிடிக்கும் வழி காட்டப்பட்டது.