குறியும் காற்றும்

சோளகக் காலத்து மாலை வேளையில் தொண்டைமானாற்றுப் பாலத்தில் நின்றால், காற்று ஆளையே ஓரடி அப்பால் ஒதுக்கும். அங்கேதான் சென்ற வாரம் என் மாணவனொருவன் என்னை மறித்தான். "பத்து மீற்றரிலிருந்து ஐம்பது மீற்றருக்குப் போனால், குறி பார்த்துச் சுடுவது ஐந்து மடங்குதானே கடினம், சேர்?" என்றான். 2024 ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் சுவப்னில் குசாலே வெண்கலம் வென்ற செய்தியைப் படித்திருக்கிறான் போலும்.

குசாலே கோலாப்பூர்ப் பகுதியைச் சேர்ந்தவர்; இந்தியப் புகையிரதச் சேவையிற் பயணச்சீட்டுப் பரிசோதகராயிருந்தவர். ஐம்பது மீற்றர் மூன்றுநிலைப் போட்டியில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே. இறுதிச் சுற்றில் முழந்தாளிட்டுச் சுட்டு முடித்தபோது ஆறாமிடம். படுத்துச் சுட்டபின் ஐந்தாமிடம். மூன்றிலும் கடினமான நின்றநிலையிலே மூன்றாமிடம்!

மாணவனின் கணக்குப் பாதியளவே சரி. கையின் பிழை தூரத்தோடு நேராக வளரும். குறிவட்டமோ அவ்வளவு வளர்வதில்லை. பத்து மீற்றரில் உயர்புள்ளி வட்டம் அரை மில்லிமீற்றர்ப் பொட்டு. 4.5 மில்லிமீற்றர்க் குண்டின் விளிம்பு அதனைத் தொட்டாற் போதுமாதலின், குண்டின் நடுப்புள்ளிக்கு 5 மில்லிமீற்றர் அகல இடமுண்டு. ஐம்பது மீற்றரில் வட்டம் 10.4, குண்டு 5.6, ஆக 16. ஐந்து மடங்காயின் 25 அன்றோ இருத்தல் வேண்டும்?

அதன்மேற் காற்று வேறு. ஐம்பது மீற்றரைக் குண்டு கடப்பது ஒரு செக்கனின் ஆறிலொரு பங்குக்குள். அதற்குள் மணிக்கு 16 கிலோமீற்றர் வேகக் குறுக்குக்காற்று அதனை இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் விலக்கிவிடும். தூரம் இரட்டித்தால் இவ்விலகல் ஏறக்குறைய நான்கு மடங்காகும். உயர்தர றைபிளை இறுக்கியிற் பூட்டிச் சுட்டால், ஐம்பது மீற்றரிலும் குண்டுகள் ஏறத்தாழ ஒரே துளையில் வீழும். எனவே தூரம் ஏற ஏற வேறுபாடு கருவியிலன்று. கொடியசைவைப் பார்த்து விரலை அடக்கும் மனிதனிடத்திலேதான். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் பட்டம் ஏற்றும் பிள்ளைகளுக்கு இவ்வாசிப்பு அந்நியமன்று.

ஆயினும் உலகம் குறுந்தூரத்தையே நாடுகின்றது. ஒலிம்பிக்கில் முந்நூறு மீற்றர்ப் போட்டி 1972 உடன் மறைந்தது. ஐம்பது மீற்றர் படுத்துச் சுடும் போட்டி 2016 உடன் நின்றது. பாரிசில் நடந்த ஐந்து றைபிள் போட்டிகளுள் மூன்று பத்து மீற்றர்ப் போட்டிகள். ஆண் பெண் இருபாலாருக்கும் சமவாய்ப்பளிக்கச் செய்த மாற்றம் அது, அதனைக் குறைகூறேன். காற்றுத் துப்பாக்கிக்கு ஒரு மண்டபமே போதும் என்பதும் வசதி குறைந்த ஊர்களுக்கு அனுகூலமே. அதிலும் எளிமை ஏதுமில்லை: கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் பாரிசில் 630.7 புள்ளிகள் பெற்றும் பத்தாமிடத்தில் நின்றுவிட்டார். இறுதிச் சுற்று எண்மருக்கே. எனினும் காற்றை வாசிக்கும் வித்தை மண்டபத்துள் வளராது.

இவற்றையெல்லாம் விளக்கினேன். சுடப் பழகலாமா என்று நேரே கேட்டான். வெடியோசை கேட்டாற் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை எனது. அவன் 2009 க்குப் பின் பிறந்தவன். 'துவக்கு' என்ற சொல்லையே வீட்டிலெடுக்கத் தாயார் விடுவதில்லையாம். "நீங்கள் ஒருக்கால் அம்மாவிடம் கதையுங்கோ" என்றான். கதைப்பதாகச் சொல்லியிருக்கிறேன், இன்னும் அவ்வீட்டுப் படலையைத் திறக்கவில்லை.