கட்டுக்கயிறும் காவற்படையும்



அண்மையில் என் மாணவன் ஒருவனின் தந்தையை மருத்துவமனையில் கண்டு வந்தேன். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும்போது குழிவிரியன் அவர் காலைத் தீண்டிவிட்டது. மலாய்க்காரர்கள் 'காப்பாக் போடோ' என்றழைக்கும் பாம்பு. உடனிருந்தோர் நைலான் கயிற்றால் காலை இறுகக் கட்டினர். கடிவாயைக் கத்தியால் கீறினர். மருத்துவமனையை அடைய மூன்று மணி நேரமாயிற்று. உயிர் தப்பியது, கால்விரல்கள் இரண்டு போயின.

"நஞ்சு ஏறாமலிருக்கத்தானே ஐயா கட்டினார்கள்? பிறகு ஏன் கால் அப்படி வீங்கியது?" என்று மாணவன் கேட்டான். அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

வெள்ளை அணுக்களை 'உடலின் காவற்படை' என்றே வகுப்பில் கற்பிக்கிறோம். அது பாதி உண்மை. விரியன் நஞ்சிலுள்ள நொதிகள் நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவரைச் சிதைக்கின்றன. உயிரணுக்களின் சவ்வை உடைக்கின்றன. உடைந்த சவ்விலிருந்து வெளிப்படும் கொழுப்பு அமிலம், வலியும் வீக்கமும் தரும் புரோஸ்டாகிளாண்டினாக மாறுகிறது. சிதைந்த அணுக்களின் எச்சங்களே அபாயச் சங்காகி வெள்ளை அணுக்களைத் திரட்டுகின்றன. எதிரியைத் தேடி வந்த படை சொந்த வீட்டுக்கும் தீ வைத்துவிடுகிறது. வீக்கத்தில் ஒரு பங்கு நஞ்சின் செயல். மறு பங்கு நம் உடலின் செயல்.

இந்நிலையில் இறுகக் கட்டினால் என்னவாகும்? நஞ்சும் அழற்சியும் ஓரிடத்திலேயே தேங்கும், இரத்த ஓட்டமும் தடைபடும், தசை அழுகும். கீறுவதோ அதனினும் கேடு. இப்பாம்பின் நஞ்சு, இரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜனைத் தீர்த்துவிடும். பினாங்கில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டர் ரீட் 1960-களிலேயே இதனை ஆராய்ந்து எழுதினார். உறையாத இரத்தத்துக்குக் கத்தியால் வழிதிறந்து விடுவது எவ்வகை முதலுதவி?

குதிரையின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு செய்யப்படும் நச்சுமுறி மருந்து நஞ்சை முறிக்கும். ஆனால் செத்த தசையை உயிர்ப்பிக்காது. எனவே இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புள்ளது.

உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆண்டுக்கு 81,000 முதல் 138,000 பேர் வரை இதனால் இறப்பதாக அது மதிப்பிடுகிறது. அவர்களுள் மிகப்பலர் வயலிலும் தோட்டத்திலும் உழைக்கும் ஏழைகள்.

தோட்டத்துப் பிள்ளைகள் பயிலும் நம் தமிழ்ப்பள்ளிகளில் இதனைச் சொல்லாமல் வேறெங்குச் சொல்வது? தேர்வில் வராது என்று ஒதுக்குவது சரியன்று. சபைகூடலில் பத்து நிமிடம் போதும்: கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே, மோதிரம், கொலுசைக் கழற்று, கடிபட்ட உறுப்பை அசையாமல் வை, 999-ஐ அழை, பாம்பைத் துரத்தாதே.

மறுநாளே என் வகுப்பில் இவற்றைக் கரும்பலகையில் எழுதினேன். அந்த மாணவன்தான் முதலில் தன் ஏட்டில் எழுதிக்கொண்டான். "வீட்டுச் சுவரில் ஒட்டப் போகிறேன் ஐயா" என்றான்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் வகுப்பிலும் எழுதுங்கள்.