எளிமை நற்சான்று ஆகுமா?

செஞ்சியை அடுத்த அனந்தபுரத்தில் பிறந்தவன் தேசிங்கு கதையைக் கேட்டே வளர்கிறான். குதிரை உண்டு, வாள் உண்டு, வீரம் உண்டு. 1714-இல் களத்தில் வீழ்ந்த அந்த இளைஞன் உழவனிடம் எவ்வளவு வரி வாங்கினான் என்ற கணக்கு மட்டும் கதையில் இல்லை. முதல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்தைப் பற்றியும் இத்தகைய கதையையே நம் செவியில் ஓதுகின்றனர். எளியவராம், தூயவராம், தவசியாம்!

மறுக்கிறோமா? இல்லை, தோழர்களே! கொழுத்த வருவாய் தந்த வழக்கறிஞர் தொழிலை உதறியவர். 1934-இல் பீகார் நிலநடுக்கத்தின்போது துயர்துடைப்புப் பணியை முன்னின்று நடத்தியவர். பன்னிரண்டு ஆண்டு மாளிகை வாழ்வுக்குப் பின் பாட்னாவின் சதாகத் ஆசிரமத்துக்கே திரும்பியவர். பணம் அவரைத் தொட்டதில்லை.

ஆனால், சனாதனம் தொட்டதே! காசியில் இருநூறு பார்ப்பனர்களின் கால்களைக் கழுவினார், குடியரசின் தலைவர். சமத்துவம் பேசும் அரசமைப்பில் ஒப்பமிட்ட அதே கை! வடநாட்டு லோகியாவே பொறுக்காமல் கண்டித்து எழுதினார். நேரு வேண்டாமென்றும் கேளாமல், 1951 மே திங்களில் சோமநாதர் கோயில் விழாவுக்குச் சென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் நடந்ததே பெருங்கொடுமை. இந்துப் பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கும் தரவந்த சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றினாலும், தாமே எடைபோட்டுப் பார்த்த பின்னரே ஒப்பமிட முடியும் என்று பிரதமருக்கு எழுதினார். மசோதா முடங்கிற்று, அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்தார். முடக்கியவர் இவர் ஒருவரல்லர், காங்கிரசுக்குள் வைதிகப் பட்டாளமே இருந்தது. ஆயினும், தந்தையின் சொத்தில் பங்கு கேட்ட மகள் 1956 வரை வாசலில் நின்றாள். பரம்பரைச் சொத்தில் சமபங்கு தமிழ்நாட்டில் அவளுக்குக் கிடைத்ததோ 1989-இல்! அவர் சிக்கனமாக உண்டார் என்பது அந்த மகளுக்கு என்ன ஆறுதல்?

இனி, நம் பக்கத்துக் கதை ஒன்று. இந்தியை ஆட்சிமொழியாக்கியது இவர் போட்ட ஒற்றை வாக்கே என்று மேடைகளில் முழங்குகிறோம், கைதட்டலும் வாங்குகிறோம். அரசமைப்பு அவையில் அப்படியொரு வாக்கு விழவே இல்லை. ஒரு வாக்கில் இந்தி வென்றது காங்கிரசுக் கட்சிக் கூட்டத்தில் என்பதே 1955-இல் அம்பேத்கர் எழுதிய செய்தி. அவை 1949 செப்டம்பர் 14 அன்று ஏற்றது முன்ஷி–ஐயங்கார் சமரசத்தை. அந்த ஐயங்கார், தஞ்சை மண்ணில் பிறந்த கோபாலசாமி! அவரை மறந்துவிட்டுப் பீகார்க்காரரை மட்டும் பிடித்துக்கொண்டது ஏனோ?