நாணல் நாக்கும் நம் படிப்பும்

கற்கவேண்டிய பொருள் யாவும் தொலைவிலேயே உள்ளதென்று எண்ணுதல் மாணவர்பால் வேரூன்றிய ஒரு மயக்கமாகும். நன்னிலம் வட்டத்து வயலோரச் சாலைகளில் இன்றும் இடையிடையே விரைந்து செல்லும் பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 என்னும் மோட்டார் சைக்கிள் இம்மயக்கத்தைத் தீர்க்க வல்லதென்பது எமது துணிபு.

1985 முதல் 1996 வரை நம் நாட்டில் செய்யப்பெற்ற இவ்வண்டி, 98 கன சென்டிமீட்டர் கொள்ளளவே உடைய ஒற்றைச் சிலிண்டரினின்றும் 11 குதிரைத்திறனைத் தந்தது. அதற்குத் துணையாய் நின்ற உறுப்புக்களுள் ஒன்று 'ரீட் வால்வு'. ரீட் என்பது நாணல்.

டூ-ஸ்ட்ரோக் யந்திரத்தில் பிஸ்டன் மேலேறுங்கால் கீழறையில் அழுத்தம் குறையும். காற்றும் பெட்ரோலும் கலந்து உட்புகும். பிஸ்டன் இறங்குங்கால் அக்கலவை நெருக்குண்டு பக்கவழிகளால் சிலிண்டருள் ஏறும். மைசூரில் 1961 முதல் செய்யப்பெற்ற ஜாவா வண்டியில் பிஸ்டனின் பக்கமே உள்வாயிலைத் திறந்து மூடிற்று. அவ்வாயில் முற்றும் மூடுமுன்னரே பிஸ்டன் இறங்கத் தொடங்குதலின், மெல்லோட்டத்தில் கலவையின் ஒரு பகுதி வந்தவழியே திரும்பும். ரீட் வால்விலோ மெல்லிய இதழ்கள் வாயிலைக் காக்கின்றன. உள்ளே அழுத்தம் குறையின் வளைந்து வழிவிடும். மிகின் படிந்து அடைக்கும். கொல்லன் துருத்தியின் மூடி செய்யும் தொழிலும் இஃதே. இதழ் தடித்தால் மெல்லோட்டத்தில் நன்கு திறவாது. மிக மெலிந்தால் விரைவோட்டத்தில் படபடத்து, உரிய காலத்தில் மூடாது. நாணலைச் சீவிச் சீவாளி செய்யும் நம் நாட்டுக் கைவினைஞர்க்கு இந்நுட்பத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

வழக்கொழிந்த யந்திரத்தைக் கற்று ஆவதென்னவெனச் சிலர் வினவலாம். அது வழக்கொழிந்த காரணமே அரிய பாடமன்றோ? நாக்கு காத்தது உள்வாயிலை மட்டுமே. எரிந்த புகையைப் புதுக்கலவையே வெளியேற்றுதலின், எரியாத பெட்ரோலும் ஓரளவு புகையோடு போயிற்று. கலந்த எண்ணெயும் புகைந்தது. 1996ஆம் ஆண்டிலும் 2000ஆம் ஆண்டிலும் புகைவிதிகள் கடுமையாகவே, அத்தகைய மோட்டார் சைக்கிள்கள் படிப்படியே மறைந்தன. ஒரு வாயிலைச் செம்மை செய்து மறுவாயிலை மறந்தால், மடையை அடைத்து வடிகாலைத் திறந்துவிட்ட வயலின் கதையே ஆகும்.

இன்று இளைஞர் பலர் அவ்வண்டியின் ஒலியைப் போற்றுகின்றனர். ஒலி பெருகுதற்பொருட்டுப் புகைக்குழாயின் உள்ளுறுப்பைக் கழற்றுவாருமுளர். அக்குழாயின் அளவும் காற்றோட்டத்தைக் கருதியே வகுக்கப்பெற்றதென்பதை அவர் அறியார். போற்றுதல் எளிது, பிரித்துப் பார்த்து அறிதல் அரிது.

ஆதலின், பழைய இரும்பென விலைபோகும் அவ்யந்திரங்களுள் ஒன்றை வாங்கி, குறுக்கே அறுத்து, நம் கல்லூரிப் பௌதிகச்சாலையில் வைத்தல் வேண்டும். அதனருகே ஒரு துருத்தியும் ஒரு சீவாளியும் இருக்கட்டும். அழுத்தமென்னும் சொல்லைப் புத்தகத்தில் மட்டும் கண்ட மாணவன், அதனைத் தன் விரலால் தொட்டறியும் நாள் அன்றே வாய்க்கும்.