விரல் போனவனுக்கு வக்கீல் யார்?

சேலம், நாமக்கல் பக்கத்து நூல் மில்லிலோ ஜவ்வரிசி ஆலையிலோ ஒரு தொழிலாளியின் கட்டைவிரலை இயந்திரம் தின்றுவிட்டால், முதலாளிமார் பலர் செய்வதென்ன? ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டுகிறார்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். "தர்மம் செய்தோம்" என்கிறார்கள்!

தர்மமா? வேலையில் ஊனமானால் நஷ்டஈடு தருவது முதலாளியின் கடமை என்று 1923-லேயே, வெள்ளையன் காலத்திலேயே, சட்டம் வந்துவிட்டது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய காகிதம் செல்லாது என்றும் அது சொன்னது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் போனதாகப் பிற்கால அட்டவணை கணக்கிட்டது. டிராக்டர் கொண்டு உழும் விவசாயத் தொழிலாளியும் பின்னர் அச்சட்டத்தின் கீழ் வந்தான். 2025 நவம்பரில் அது போய்ச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்தது. சட்டத்தின் பெயர் மாறிற்று; முதலாளியின் குணம் மாறவில்லை.

விசாரணையில் முதலாளிக்கு ஒரு வக்கீல், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு வக்கீல். "இவன் எங்கள் ஆளே அல்ல" என்கிறார்கள். ஆஜர்ப் பட்டியலோ அவர்கள் பெட்டியில்! தொழிலாளியின் பக்கம் கட்டுப்போட்ட கைதான் நிற்கிறது.

கூலியிழந்தவன் வக்கீலுக்கு எங்கே போவான்? 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைத் தொழிலாளி, பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், ஊனமுற்றோர் எல்லோருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. அதற்கென மாவட்டந்தோறும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் அது கோர்ட்டுக்குள் காத்திருந்தால் போதுமா? விரல் போனவன் கிடக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அது வரவேண்டும் என்று கோருகிறோம்.

தோழர்களே! விபத்து நடந்த அன்றே சங்கத்துக்குச் சொல்லுங்கள். எழுதாத தாளில் கையெழுத்திடாதீர்கள். கூட நின்று வேலை செய்தவர்கள் சாட்சிக்கு வாருங்கள். நாம் கேட்பது பிச்சையல்ல; நம் விரலின் கணக்கு!