சர்வர் ஓடவில்லையா? முதலில் நகல் எடுங்கள்

சாஆவில் போன ஆண்டு ஒரு பிற்பகல் இடிமழை. பள்ளிக் கணினிக் கூடத்தில் மின்சாரம் போய்விட்டது. அப்போது ஐந்தாம் படிவ மாணவி ஒருவர், நூலக இரவல் பதிவுக்காகத் தாம் உருவாக்கிய தரவுத்தளத்தில் விவரங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். மின்சாரம் வந்ததும் எக்ஸாம்ப்பைத் திறந்தால், மைஎஸ்கியூஎல் எதிர்பாராமல் நின்றுவிட்டதாகச் சிவப்பு எழுத்து. கைப்பேசியில் தேடியவர், யாரோ காணொலியில் சொன்னபடி ‘ஐபிடேட்டா1’ என்ற கோப்பை அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். சர்வர் ஓடத் தொடங்கியது. அட்டவணைகளின் பெயர்கள்கூடத் தெரிந்தன. ஆனால் எதைத் திறந்தாலும் அப்படி ஓர் அட்டவணை இல்லை என்றுதான் பதில் வந்தது.

எந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்ற குறிப்பெல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. நூல்களை அலமாரியிலேயே விட்டுவிட்டு, நூற்பட்டியலை மட்டும் எரித்தது போலாகிவிட்டது.

அந்த மாணவியை நான் குறை சொல்ல மாட்டேன். வேதியியல் கூடத்தில் அமிலம் கையில் பட்டால் என்ன செய்வது என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறோம். கணினி அறிவியலில் மட்டும் தரவுத்தளத்தை வடிவமைக்கவும் வினவவும் கற்றுக்கொடுத்துவிட்டு, அது விழுந்தால் எப்படித் தூக்குவது என்பதைச் செய்து காட்டாமல் விட்டுவிடுகிறோம். ஆசிரியர்களாகிய நம் குறை இது. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

மின்சாரம் போனதாலேயே தரவு அழிந்துவிடாது. மைஎஸ்கியூஎல்லில் உள்ள இன்னோடிபி என்ற அமைப்பு எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. பிறகுதான் 16 கிலோபைட் பக்கங்களாக இருக்கும் அட்டவணையில் எழுதுகிறது. மளிகைக் கடைக்காரர் பகலில் சிட்டையில் குறித்துவிட்டு, இரவில் பேரேட்டில் ஏற்றுவது போல. சர்வர் மறுபடி தொடங்கும்போது சிட்டையைப் படித்து, முடிந்த மாற்றங்களைப் பேரேட்டில் ஏற்றும். பாதியில் நின்றதை நீக்கிவிடும். பெரும்பாலும் இது நமக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. பக்கமோ பதிவேடோ சிதைந்திருந்தால் சர்வர் தொடங்க மறுக்கும். சில நேரம் சிதைவே இருக்காது. 3306ஆம் போர்ட்டை வேறொரு மென்பொருள் பிடித்துக்கொண்டிருக்கும். பிழைப் பதிவுக் கோப்பைப் படித்தால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. சர்வரை நிறுத்திவிட்டு, ‘டேட்டா’ கோப்புறை முழுவதையும் வேறோர் இடத்துக்கு நகலெடுங்கள். பழுதான கோப்பாயிற்றே என்று பார்க்காதீர்கள். கையில் நகல் இருந்தால் ஒரு முயற்சி தோற்றாலும் இன்னொன்றைச் செய்து பார்க்கலாம். இன்னோடிபியில் 1 முதல் 6 வரை கட்டாய மீட்பு நிலைகள் உண்டு. 1இல் தொடங்கித்தான் ஏற வேண்டும். 4ஐத் தொட்டாலே தரவு நிரந்தரமாகக் கெட்டுப்போகும் ஆபத்து இருக்கிறது. சர்வர் ஓடியதும் தரவை எஸ்கியூஎல் கோப்பாக வெளியே எடுத்து, புதிய தரவுத்தளத்தில் ஏற்றுவதே முறை. எக்ஸாம்ப்பில் ‘பேக்கப்’ என்றொரு கோப்புறை இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதில் இருப்பது நிறுவியபோது கூடவே வந்த தொடக்கக் கோப்புகள், உங்கள் தரவு அல்ல.

நகலே இல்லையென்றால் எந்த வித்தையும் பலிக்காது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் சேவையை, பணம் கேட்டு முடக்கும் நச்சுநிரல் தாக்கியது. சேவையை மீட்டுவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான காலத்துக்கு நகல் இல்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் போயின.

நகல் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பதும் போதாது. நிரலர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில், 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து, சுமார் 300 ஜிபி தரவை அழித்துவிட்டார். நாள்தோறும் எடுக்க வேண்டிய நகல், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் எடுக்கப்படவே இல்லை. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்த நகல்தான் தளத்தைக் காப்பாற்றியது.

அதனால்தான் சொல்கிறேன்: இடுபணிக்கு மதிப்பெண் போடும் முன், மாணவர் தம் தரவுத்தளத்தை வேறொரு கணினியில் மீட்டுக் காட்டட்டும். பாடத்திட்டத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பிஎச்பிமைஅட்மினில் ஏற்றுமதி, அடுத்த கணினியில் இறக்குமதி. கால் மணி நேரம் போதும். ஒரு நகல் பள்ளிக்கு வெளியேயும் இருக்க வேண்டும். 2023 மார்ச்சில் சாஆவுக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தோமே! ஒரே அறையில் இருக்கும் கணினியும் பென் டிரைவும் சேர்ந்துதான் நனையும்.

அந்த மாணவி மூன்று வாரத்துக்கு முன் தோழிக்கு வாட்சாப்பில் அனுப்பியிருந்த எஸ்கியூஎல் கோப்பு கடைசியில் கிடைத்தது. மீதியை, இரவல் அட்டைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து மறுபடி தட்டினார்.