மாட்டினால் போதுமா, பொருந்த வேண்டாமா?



மலருக்குக் கட்டுரை கொடு என்றதும், "வேலையில்லாத் திண்டாட்டம், சுற்றுச்சூழல், நட்பு... இதுல ஏதாவது எழுதுடா" என்று ஆளுக்கொரு தலைப்பு சொன்னார்கள். நான் கார் சக்கரத்தைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள்! நாளைக்கு நம்மில் பலர் ஒர்க் ஷாப்பிலோ டயர் கடையிலோதான் நிற்கப் போகிறோம். அங்கே நம்மைக் கேட்கப்போகும் கேள்வி, "தம்பி, இந்த அலாய் வீல் என் வண்டிக்கு மாட்டுமா?" என்பதுதான்.

இதற்குக் கடைத்தெருவில் ஒரே பதில்தான் இருக்கிறது: "மாட்டும் சார்!"

என் கருத்து இதுதான். மாட்டுவது வேறு, பொருந்துவது வேறு. இந்த வித்தியாசத்தை வாடிக்கையாளரிடம் சொல்ல முடியாவிட்டால் நாம் மூன்று வருடம் படித்துப் பயனில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலாய் வீலுக்கு நான் எதிரி இல்லை. விலை கூடிய மாடல்களில் கம்பெனியே போட்டுத் தருகிறது. ஆசையாக வாங்கிய வண்டியை அழகுபடுத்திப் பார்க்க நினைப்பதில் தப்பே இல்லை. கேள்வி அழகைப் பற்றியது அல்ல, அளவைப் பற்றியது.

ஒரு உதாரணம் பார்ப்போம். சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் இடத்தில், ஹோண்டா சிட்டியில் இருந்து கழற்றிய ஒரிஜினல் அலாய் வீல் ஒரு செட் மலிவாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குகிறவரிடம் இருப்பது மாருதி ஸ்விஃப்ட். இரண்டுக்கும் நாலு போல்ட். போல்ட் வட்டத்தின் விட்டம், அதாவது பி.சி.டி., இரண்டிலும் 100 மி.மீ. தூக்கி வைத்தால் அழகாக உட்காரும். "பாத்தீங்களா, கச்சிதம்!" என்பார் கடைக்காரர்.

கச்சிதமா? நடு ஓட்டையைப் பாருங்கள். ஸ்விஃப்ட் ஹப்பின் விட்டம் 54.1 மி.மீ. ஹோண்டா வீலின் ஓட்டை 56.1 மி.மீ. சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி. அடுத்து, நட்டு உட்காரும் இடம். ஹோண்டா வீலில் அது பந்து உட்காருகிற மாதிரி குழிவாக இருக்கும். மாருதி நட்டின் முனையோ கூம்பு. குழிவில் கூம்பை வைத்தால் முழுப் பரப்பும் ஒட்டாது, மெல்லிய ஒரு வளையத்தில்தான் தொடும். முறுக்கும்போது இறுகின மாதிரி இருக்கும். ஓட ஓடத் தளரும். "அப்ப ஹோண்டா நட்டையே போட்டுடலாமே?" என்று கேட்பீர்கள். ஹோண்டாவில் மரையின் பிட்ச் 1.5 மி.மீ., மாருதியில் 1.25 மி.மீ. ஏர் கன் வைத்து அடித்தால் ஏறின மாதிரி தெரியும், ஆனால் மரை போய்விடும்.

பேலன்சிங் மெஷினும் இதைக் காட்டிக் கொடுக்காது. மெஷின் வீலைத் தன் கூம்பில் நடுவாகப் பிடித்துச் சுற்றிப் பார்த்து 'சரி' என்று சொல்லிவிடும். வண்டியில் ஏறிய பிறகு நடு விலகினால், வேகம் எடுக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். பொருத்தமான வளையமும், வீலுக்கும் போல்ட்டுக்கும் ஏற்ற நட்டும் போட்டால் தீர்ந்துவிடும் விஷயம் இது. ஆனால் யார் சொல்கிறார்கள்?

அடுத்தது ஆஃப்செட். வீலில் ஈ.டி. 45, ஈ.டி. 30 என்று வார்த்திருப்பார்கள். ஹப்பில் ஒட்டும் முகம், வீலின் நடுக்கோட்டில் இருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்பதே அந்த எண். 45 இருந்த இடத்தில் 30 போட்டால் சக்கரம் 15 மி.மீ. வெளியே வந்து நிற்கும். பார்க்க கெத்துதான்! ஆனால் பேரிங் மேல் விழும் நெம்பு விசை கூடுகிறது, ஸ்டீயரிங்கின் பிடி மாறுகிறது, நாலு பேர் ஏறினால் டயர் மட்கார்டில் உரசுகிறது.

டயர் அளவுக்கு வருவோம். 2011-ல் வந்த ஸ்விஃப்ட்டில் விலை குறைந்த மாடலுக்கு 165/80 ஆர்14. கணக்குப் போட்டால் மொத்த விட்டம் 619.6 மி.மீ. விலை கூடிய மாடலுக்கு 185/65 ஆர்15. விட்டம் 621.5 மி.மீ. ரிம் ஒரு இஞ்ச் ஏறியும் மொத்த விட்டம் 2 மி.மீ.கூட மாறவில்லை. இதுதான் கம்பெனி போட்ட கணக்கு! இதில் 16 இஞ்ச் ரிம் ஆசைப்படுகிறவர் அதே 185/65-ஐப் போட்டால் 646.9 மி.மீ. ஆகிவிடும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-ல் போகும். 195/55 ஆர்16 என்றால் 620.9 மி.மீ., கணக்கு சரியாக வரும். இது ஐந்து நிமிடக் கணக்கு. கால்குலேட்டர் எல்லோர் பாக்கெட்டிலும் இருக்கிறது.

போன மே மாத லீவில் ஒரு டயர் கடையில் எடுபிடி வேலை பார்த்தேன். கால் டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர், கடன் வாங்கிப் போட்ட வீல் உரசுகிறது என்று திரும்பி வந்தார். வீலை மாற்றித் தரவில்லை. ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் வைத்து வண்டியைத் தூக்கிவிட்டு, அதற்கும் தனியாகக் காசு வாங்கினார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. வீலில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

அவர் இடத்தில் எங்கப்பாவை வைத்துப் பார்த்தேன். அப்பா இருபது வருடமாக லோடு வண்டி ஓட்டுகிறார். சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் போகுதுன்னு சொல்லிடுவார். ஆனால் வீலில் வார்த்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். வாசிக்கத் தெரிந்தவனும் "மாட்டும் சார்" என்றே சொன்னால், எங்கப்பா மாதிரி ஆட்கள் வேறு யாரை நம்புவது?

"நீ முடியாதுன்னு சொன்னா அவன் அடுத்த கடைக்குப் போவான், முதலாளி உன்னை வீட்டுக்கு அனுப்புவார்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் முடியாது என்று ஏன் சொல்ல வேண்டும்? "இது வேண்டாம் சார், இந்த அளவு உங்க வண்டிக்குப் பொருந்தும்" என்று சொல்லலாமே! வியாபாரமும் நடக்கும், வண்டியும் ஒழுங்காக ஓடும். அப்படியே ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, வண்டியின் பாரத்தைத் தாங்குமா என்றும் பார்த்துச் சொல்லலாம். சக்கரங்களுக்கு அந்த முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2020-ல் ஆணையே பிறப்பித்திருக்கிறது.

நமது மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆட்டோமொபைல் லேபில் ஒரு போர்டு வைப்போம். பி.சி.டி., நடு ஓட்டை, ஆஃப்செட், நட்டு, டயர் விட்டம், பாரம் என்ற ஆறையும், நம் ஊரில் அதிகம் ஓடும் வண்டிகளுக்கு எழுதி வைப்போம். வருடத்தில் ஒரு நாள் கல்லூரி வாசலில் முகாம் போட்டு, வருகிற வண்டிகளின் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து இலவசமாகச் சரிபார்த்துக் கொடுப்போம். பெரிய செலவில்லை. நமக்கும் பயிற்சி.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இன்றைய வண்டிக்கு அச்சாணி அந்த நாலு நட்டுதான். முறுக்கப் போவது நம் கை. முறுக்குவதற்கு முன்னால் எண்ணை வாசிப்போம் நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு